இருட்புலம்

மாரிப்போக விதைப்பு முடிந்து மூன்றாம் கிழமை.
அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
இரவு வேலை எனக்கு.
பதினொன்றரைக்கு ஆறாம் வாட்டிலிருந்து
ஒரு குழாய் இரத்தம்.
க. தவேந்திரராசா, ஐம்பத்திரண்டு,
புளியடி வட்டையில் முல்லைக்காரன்.
கண் மஞ்சள்.
நேற்றிலிருந்து மூத்திரம் இல்லை.
படிவத்தின் அடியில் டொக்டர் எழுதியிருந்தார்
எலிக்காய்ச்சல்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை.
குழாயை எடுத்த கையோடு பெனிசிலின் ஏற்றியாயிற்று.
உறுதிசெய்யும் மாதிரி கொழும்புக்குப் போகும்;
றிப்போட் வரும்போது
ஆள் வட்டைக்குத் திரும்பியிருப்பார்,
அல்லது இல்லை.
இருந்தும்
அலுமாரிக்கு மேல் உறைக்குள் கிடந்த
இருட்புல வில்லையை இறக்கித் துடைத்து
நுணுக்குக்காட்டியில் மாட்டினேன்.

நாங்கள் படித்ததெல்லாம் செத்த உருவங்கள்.
சுவாலையில் வாட்டி, ஊதாவில் தோய்த்து,
அயடீன் ஊற்றி, ஸ்பிரிட்டில் கழுவி.
கொத்தாய் உருண்டை, கோவையாய் உருண்டை,
முறித்த தீக்குச்சிபோல் கோல்,
ஒரேயொரு தரம், வெள்ளத்துக்குப் பிறகு,
காற்புள்ளியாய் வளைந்த ஒன்று.
பெயர் சொல்லிவிடலாம்.
எங்கே போய்க்கொண்டிருந்ததென்று சொல்ல ஏலாது.

உயிரோடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன்,
கிணற்றுத் தண்ணீரில் வந்த கோல்.
சவுக்குமுளைகள் பின்னால் ஒரே சடையாய் முறுகும்,
நேரே ஓடும்.
சடை அவிழும், குட்டிக்கரணம், வேறு திசை.
(சடை கண்ணுக்குத் தெரியாது. புத்தகம் சொன்னது.)
வழி தெரியாது அதற்கு.
சற்று முன்னைவிட இப்போது நல்லமா?
அதன் ஞாபகம் அவ்வளவுதான்.

இது வேறு.
கறுப்பு.
புலம் என்றால் வயலும்தான்;
இரவில் தண்ணி கட்டி நிற்கிற வயல்.
விளிம்பு மட்டும் வெளிச்சமான தட்டுகளாய்ச் செங்குழியங்கள்.
இங்கே நடுங்காதது எதுவுமில்லை.
தூசி நடுங்கும், செத்ததும் நடுங்கும்,
தண்ணீர் தள்ளுகிற நடுக்கம்.
இரத்தம் உறையும் இழைகூட
புழுப்போல் நெளிந்து காட்டும்.
என் பழைய கொப்பியில் சிவப்பு மையில் இருக்கிறது:
ஆடுவது வேறு, போவது வேறு. ஏமாறாதே.

நாற்பது நிமிடம். கண்ணில் நீர் வடிந்தது.
கரண்ட் போய், ஜெனரேற்றர் இரண்டு தரம் செருமிப் பிடித்தது.
தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பர்ஸானா சொன்னாள்
"விடுகா, பைப்ரின்தான்."

மறுகா அது வந்தது.
தலைமயிரை அறுநூறாய்க் கிழித்த மெல்லிசு,
நெருக்கிச் சுற்றிய வெள்ளிச் சுருள்,
முனை கொக்கியாய் வளைந்து
டொக்டர் போட்ட அதே கேள்விக்குறி.
வெளியே வாலில்லை, துடுப்பில்லை.
இரண்டு தோலுக்கிடையில் நூலை ஒளித்துவைத்துத்
தன்னையே திருகித் தன்னையே செலுத்துகிறது.
வெறும் தண்ணியில் தடுமாறுமாம்.
குழைவில், சளியில், கூழில்
வேகம் பிடிக்குமாம்.
சேற்றில் தவேந்திரராசா நடப்பதும்
அப்படித்தான் இருக்க வேண்டும்.

நின்றது.
முன் எது, பின் எது?
இரு முனையும் கொக்கி.
திரும்பாமலே திரும்பிப் போனது.

அழகு என்று நினைத்தேன்.
ஆறாம் வாட்டை நினைத்து வெட்கப்பட்டேன்.
பிறகும் பார்த்தேன்.

பர்ஸானாவைக் கூப்பிட்டு அவள் குனிவதற்குள்
அது வரம்பு தாண்டிவிட்டது.
ஒரு தடவை, ஒரு சோடிக் கண்.
றிப்போட்டில் எழுதவில்லை.

நாலாம் நாள் விடிய
ஆறாம் வாட்டிலிருந்து ரெலிபோன்.
"உங்கட முல்லைக்காரருக்கு மூத்திரம் போயிற்று,
இருநூறு மில்லி.
போத்தலைப் பிடிக்க விடல்ல மனிசன்.
எழும்பி, சுவரைப் பிடிச்சு,
தானே நடந்து போனவர்."

கொஞ்சம் பொறுத்து மிஸ்ஸி சொன்னாள்
"கை மட்டும் இன்னும் நடுங்குது."

நடுங்கட்டும் என்றேன்.